குங்குமம் அப்படியே இருந்தது

புது டிரைவ் போட்டாகிவிட்டது என்று சொல்லித்தான் ரிப்பேர்க் கடை ஓஸ்வால்ட் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தார். ஆனால் டிரைவின் முகத்தில் குங்குமம் அப்படியே இருந்தது.

பிரபா லேப்டாப்பைக் கட்டில்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, மறுபடியும் குனிந்து பார்த்தாள். சிடி போடும் தட்டின் முன்பக்கம், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், பொத்தானுக்குப் பக்கத்தில் அந்தக் கறை. சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகி, ஒரு ஓரம் லேசாக வழிந்து, உலகப் படத்தில் பெயர் போடாமல் விட்ட ஒரு தீவு மாதிரி இருக்கும். சந்தேகமே இல்லை, அதே தீவுதான்.

அவள் வேலை செய்யும் கம்பெனியில் ஆயுத பூஜை அன்று, ஹவுஸ்கீப்பிங் அம்மா கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். இந்த லேப்டாப் மூடியிருந்தது. எங்கே வைப்பது என்று சற்று யோசித்தவர், பக்கவாட்டில் தெரிந்த இந்தத் தட்டின்மேல் ஈர விரலால் அழுத்தி வைத்துவிட்டுப் போனார். பிறகு கம்பெனி பழைய லேப்டாப்புகளைக் கழித்துவிட்டபோது இதைப் பிரபா வாங்கிக்கொண்டாள். பற்பசை போட்டுத் தேய்த்தாள், ஸ்பிரிட்டில் துடைத்தாள், கறை போகவில்லை. கடைசியில் அது பழகிவிட்டது, வீட்டு மனிதர் முகத்தில் இருக்கும் மச்சம் போல.

டிரைவை மாற்றியிருந்தால் மச்சம் எப்படிக் கூடவே வரும்?

"மாத்தவே இல்ல அந்த ஆளு," என்று பிரபா வாய்விட்டே சொன்னாள். அறையில் கேட்பதற்கு யாரும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம். கீழே தொம்மலூர்ச் சந்தில் கொத்தமல்லிக்காரர் கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டு போனார். திங்கட்கிழமை காலையில் பிரபா இந்திரா நகரில் சேஷகிரியின் ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதித் தரும் சின்ன ஸ்டுடியோ. குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து, யாரோ அமெரிக்கர்களின் மருத்துவக் காப்பீட்டு எண்களை நாள் முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் பிரபாவுக்கு, இப்படி ஒரு வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் இருப்பதே நம்ப முடியாததாக இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பனியும் ரயிலும் கம்பளிக் கோட்டும் வரும்போது, அதைத் தமிழாக்கியவர் எந்த ஊரில், எந்த ஜன்னலோரம், மின்விசிறியை எத்தனையில் வைத்துக்கொண்டு அந்தப் பனியை எழுதியிருப்பார் என்று யோசிக்கிறவள் அவள்.

சேஷகிரி அவளிடம் ஒரு டிவிடியைக் கொடுத்திருந்தார். "முதல் அரை மணி நேரத்துக்கு மட்டும் எழுதிட்டு வாங்க. நல்லா இருந்தா சேந்துக்கலாம். இன்னும் சில பேருக்கும் குடுத்திருக்கேன்," என்றவர், அவள் கதவைத் தாண்டும்போது திரும்பக் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லிடறேன். டிஸ்க்கை வெளி ஆள் கையில குடுக்காதீங்க. பிரௌசிங் சென்டர்ல போட்டுப் பாக்காதீங்க. ஒரு படம் அப்படித்தான் வெளிய போச்சு எனக்கு."

பிரபாவின் லேப்டாப்புக்கு சிடி மட்டும்தான் படிக்கத் தெரியும், டிவிடி தெரியாது. அதனால்தான் காலையில் டிவிடி டிரைவ் போட்டு வர பிரேசர் டவுனுக்குப் போனாள். அதனால்தான் இப்போது இந்தக் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

எதற்கும் பார்ப்போம் என்று டிவிடியைத் தட்டில் வைத்துத் தள்ளினாள். உள்ளே ஏதோ முனகியது, சுழன்றது. திரையில் சின்னதாய் ஒரு பெட்டி வந்தது. இந்த டிவிடியை இயக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. முடியாது என்ற இடத்தோடு பிரபா படிப்பதை நிறுத்தி, பெட்டியை மூடினாள். நாவலில் அடிக்குறிப்பைக்கூட விடாமல் படிக்கிறவள், அந்த வாக்கியத்தைப் பாதிக்குமேல் படிக்கவில்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ருக்மிணி அப்போதே சொன்னாள்.

ருக்மிணி பக்கத்து இருக்கைக்காரி. ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள், பெங்களூரில் யார் யாரை எப்படி ஏமாற்றுவார்கள் என்பது அவளுக்கு அத்துபடி. "கடையில குடுத்துட்டு வந்துடாத. அங்கேயே உக்காந்துக்கோ. கண்ண எடுக்காத. உள்ள இருக்கற நல்ல பார்ட்டையெல்லாம் கழட்டிட்டு, செத்த பார்ட்டைப் போட்டு அனுப்பிடுவானுங்க. எங்க மாமா பையனுக்கு அப்படித்தான் ஆச்சு."

பிரபா அப்படித்தான் உட்காரப் போனாள். ஓஸ்வால்டின் கடை மாடிப்படிக்கு அடியில் இருந்தது, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். லேப்டாப்பை வாங்கி, மூடி, திருப்பி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், தேங்காய் வாங்குகிறவர் மாதிரி.

"நான் இங்கயே வெயிட் பண்றேன் அங்கிள்."

"வாணாம்மா. வேல செய்யசொல்ல யாராவது பாத்துக்னு இருந்தா எனக்குக் கை நடுங்கும். பக்கத்துல பேக்கரி கீது. பஃப்ஸ் சூடா வந்திருக்கும், போய் சாப்டு."

சொல்லிவிட்டு, குறுக்கே கட்டியிருந்த பூப்போட்ட திரையை இழுத்துவிட்டார். திரைக்குப் பின்னால் சீட்டி அடிக்கும் சத்தம் கேட்டது. சீட்டி அடிக்கிறவருக்குக் கை நடுங்குமா என்று பிரபா பேக்கரி வாசலில் நின்று யோசித்தாள். பஃப்ஸ் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓஸ்வால்ட் செய்தித்தாளில் சுற்றிய எதையோ மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மாடிப்படி ஏறினார். இறங்கும்போது கை காலியாக இருந்தது.

என் லேப்டாப்பின் எந்த உறுப்பு அந்தக் காகிதத்துக்குள் போனது என்று பிரபா கணக்குப் போட்டாள்.

வேலை முடிந்ததும் அவர் ஒரு பாட்டு சிடியைப் போட்டுக் காட்டினார். பிறகு ஏதோ விளக்கினார். பழைய டிரைவை எடுத்துக்கொண்டு விலையில் கழித்துவிட்டேன் என்றார், லேப்டாப்பின் அடியில் ஒரு ஸ்க்ரூமேல் கையெழுத்துப் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, "இது கிழிஞ்சா வாரன்டி இல்ல, பாத்துக்கோ" என்றார், பை உறைக்குள் எதையோ வைத்தபடி இன்னும் ஏதோ சொன்னார். பிரபாவின் காதில் பாதிதான் விழுந்தது. அவள் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, எல்லா ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பையைத் துழாவியபோது வெள்ளைக் காகித உறையில் ஒரு சிடி கிடைத்தது. மேலே எதுவும் எழுதவில்லை. ருக்மிணிக்குப் போன் போட்டாள்.

"போட்டுடாதடி," என்றாள் ருக்மிணி உடனே. "அதுல வைரஸ் இருக்கும். அப்புறம் ரிப்பேருக்கு அவன்கிட்டயே போய் நிக்கணும் இல்ல? அதான் அவனுங்க டெக்னிக்."

"குங்குமம் அப்படியே இருக்கு ருக்கு."

"அப்ப இன்னும் இன்னா சந்தேகம்? பழசையே தொடச்சிக் குடுத்துட்டான்."

"தொடைக்கக்கூட இல்ல," என்றாள் பிரபா.

ஞாயிறு காலை கீழ்வீட்டுச் சாந்தகுமாரி அக்காவிடம் தையல் மெஷின் திருப்புளியை வாங்கி வந்தாள். கடைக்காரரிடம் போய்க் கத்துவதற்கு முன்னால் கையில் ஆதாரம் வேண்டும். டிரைவை உருவிப் பார்த்தால் அது பழைய டிரைவ் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கும். அதை அவர் மேஜையில் வைக்க வேண்டும். ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சியைப் பிரபா மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டாள். அதில் அவள் ஒரு நீளமான கம்பளிக் கோட்டு வேறு அணிந்திருந்தாள்.

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். ஓஸ்வால்டின் கையெழுத்து நடுவில் கிழிந்தது. ஸ்க்ரூ வழுக்கி வழுக்கிக் கடைசியில் சுழன்றது. டிரைவ் அசைந்தது, ஆனால் வெளியே வரவில்லை. பிடிப்பதற்கு அதன் முகத்தைத் தவிர வேறு இடமும் இல்லை. நகத்தை விளிம்பில் கொடுத்து இழுத்தாள்.

டக்.

முகம் மட்டும் கையோடு வந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதன்மேல் குங்குமத் தீவு, பின்பக்கம் உடைந்துபோன ஒரு குட்டிக் கொக்கி. முகம் போன டிரைவ் அதற்குப் பிறகு சாதாரணமாக நழுவி வெளியே வந்தது.

பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. முதுகில் ஒட்டியிருந்த காகிதத்தில் டிவிடி என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

பிரபா அதை மடியில் வைத்து, கழன்று வந்த முகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டிரைவ் புதிது. முகம் மட்டும் பழையது. பழைய டிரைவின் முகத்தைக் கழற்றிப் புதியதில் மாட்டியிருக்கிறார். யாரிடமும் கேட்காமலே புரிந்துவிட்டது. ஆனால் நிம்மதி வரவில்லை. டிரைவை மறுபடி செருகி, டிவிடியைப் போட்டுப் பார்த்தாள். அதே பெட்டி, அதே முடியாது. சந்தேகம் போன வழியே திரும்பி வந்தது, இந்தத் தடவை வேறு சட்டையில். புதுசுதான், ஆனால் செத்த புதுசு. உயிர் இல்லாததைத் தலையில் கட்டிவிட்டார்.

லேப்டாப்பையும் டிஸ்க்கையும் முகத்தையும் பையில் போட்டுக்கொண்டு பிரேசர் டவுனுக்குக் கிளம்பினாள்.

கடை மூடியிருந்தது. மாடியிலிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது. படியேறிக் கதவைத் தட்டியபோது ஓஸ்வால்டின் மனைவி கேத்தரின் திறந்தார். பூசைக்குப் போய்வந்த புடவை, மேலே சமையலுக்குக் கட்டிய பழைய துண்டு.

"யாரு கண்ணு?"

"நேத்து லேப்டாப் குடுத்தேன் ஆன்ட்டி. வேல செய்யல."

"உள்ள வா. இவரு இப்பதான் கோயில்லேருந்து வந்தாரு. நேத்தே மீன் வாங்கிட்டாரு, கடைய வுட்டு ஓடியாந்து குடுத்துட்டுப் போறாரு, இன்னிக்கிப் போனா கெடைக்காதுன்னு."

செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் பிரபாவின் மனதில் ஒரு முறை வாலை ஆட்டிவிட்டு அடங்கியது.

ஓஸ்வால்ட் லேப்டாப்பை வாங்கி, வழக்கம்போலக் கவிழ்த்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது.

"ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு."

"தானா கிழிஞ்சிடுச்சு அங்கிள்."

"மூஞ்சி எங்க?"

பிரபா பையிலிருந்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தது இப்படி நடக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"இதுவும் தானா கழண்டுதா?" என்றார். நேற்று அம்மா போட்டு அழைத்தவர் இல்லை இவர். "யார் கையில குடுத்தீங்க மேடம்? உண்மையச் சொல்லுங்க. போன மாசம் ஒருத்தர் வந்தாரு, டை கட்னவரு. நான் போட்ட நல்ல டிரைவை வீட்ல கழட்டி வச்சிக்னு, எங்கயோ கெடச்ச செத்த டிரைவை மாட்டிக்னு வந்து, 'வேல செய்யல, மாத்திக் குடு'ன்னாரு. நானும் மாத்திக் குடுத்தேன்."

"நான் அப்படிச் செய்வேனா அங்கிள்?"

"எனக்கு இன்னா தெரியும்? நேத்துதான் உங்களப் பாத்தேன்."

அவர் டிரைவை உருவி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். முதுகைப் பார்க்கவில்லை, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. விளிம்பை மட்டும் வெளிச்சத்தில் மெதுவாகத் திருப்பினார். பிரபாவுக்குத் தன் வீட்டு ஜன்னலும், நேற்றுத் தான் குனிந்து பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

"இருக்கு," என்றார் கடைசியில். மூச்சு விட்டார்.

விளிம்பில், கடுகளவு ஒரு சிவப்புப் பொட்டு.

"அது என் நெயில் பாலிஷ் கண்ணு," என்றார் கேத்தரின் அடுப்படியிலிருந்து. "என் அண்ணன் மக கல்யாணத்துக்குன்னு வாங்கனது. ஒரு விரல்ல போட்டிருப்பேன். அந்த டைக்காரன் வந்துட்டுப் போனதுலேருந்து இவரு ஒவ்வொரு பார்ட்டுக்கும் பொட்டு வச்சே பாட்டில முடிச்சிட்டாரு."

"சும்மா இரு கேத்தி."

"இன்னா சும்மா இரு. பொண்ணு மூஞ்சியப் பாத்தா திருடி மாதிரியா கீது?"

பிரபாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "நான்தான் கழட்டினேன் அங்கிள். குங்குமம் அப்படியே இருந்துச்சு. நீங்க மாத்தவே இல்லன்னு நெனச்சிட்டேன்."

ஓஸ்வால்ட் அந்தப் பிளாஸ்டிக் முகத்தைக் கையில் எடுத்தார். "புது டிரைவோட மூஞ்சி கருப்பு, தட்டையா இருக்கும். உன் லேப்டாப் அந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு, ஒக்காராது. அதான் பழசுலேருந்து எடுத்து மாட்டனேன். தொடைக்கலாம்னு துணியக்கூட எடுத்தேன்." கட்டைவிரலால் தீவைத் தடவினார். "அப்புறம் சாமிக்கு வச்சதுன்னு வுட்டுட்டேன். நம்ம எதுக்குக் கை வைக்கணும்."

முகத்தை மேஜைமேல் வைத்துவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

"சரி, பையில ஒரு சாஃப்ட்வேர் சிடி வச்சனே. டிவிடி படம் பாக்கணும்னா அத ஒரு தடவ போட்டுக்கணும்னு சொன்னேனே. போட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"வைரஸ் இருக்கும்னு என் ஃப்ரெண்ட் சொன்னா."

ஓஸ்வால்ட் அவளை ஒரு கணம் பார்த்தார். வருத்தமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். உட்கார்ந்து, டிரைவைச் செருகி, அந்த சிடியைப் போட்டார். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல வளர்ந்தது. அதையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப உன் டிஸ்க்க குடு."

பிரபா உறையைப் பிடித்த கையை நீட்டவில்லை. "இது... வெளி ஆள் கையில குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அங்கிள். இது நல்லபடியா முடிஞ்சாத்தான் எனக்கு அந்த வேல. யாரும் பாக்கக் கூடாதாம்."

"அந்த ஆளுக்கும் சந்தேகமா?" என்றார் ஓஸ்வால்ட். எழுந்தார். நாற்காலியை அவளுக்கு விட்டார். சுவரில் சின்ன பல்பு எரியும் இயேசுவின் திரு இருதயப் படத்துக்கு நேராகப் போய் நின்று, முதுகைக் காட்டினார். "நீயே போட்டுக்கோ. நான் பாக்கல."

"நானும் திரும்பணுமா?" என்றார் கேத்தரின். "நான் அடுப்பப் பாத்துக்னுதான் கீறேன்."

பிரபா டிஸ்க்கை வைத்துத் தள்ளினாள். முகமில்லாத டிரைவ் அதை விழுங்கியது. திரை கறுத்தது. பிறகு வெளுத்தது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு சின்ன ரயில் நிலையம், மேடை முழுக்கப் பனி, அங்கே சிற்றுண்டிக் கடை நடத்தும் அக்காவும் தங்கையும். அக்கா ஏதோ ஒரு மொழியில் ஏதோ சொன்னாள். அடியில் ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. தமிழ் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"வந்துதா?" என்றார் ஓஸ்வால்ட் இயேசுவைப் பார்த்தபடி.

"வந்துடுச்சு அங்கிள்."

"இன்னா வருது?" என்றார் கேத்தரின்.

"பனி ஆன்ட்டி."

முகத்தின் கொக்கி உடைந்துவிட்டதால் ஒட்டத்தான் முடியும், ஒட்டினால் பிறகு கழற்ற முடியாது என்றார் ஓஸ்வால்ட். பிரபா வேண்டாம் என்று அதைப் பையிலேயே போட்டுக்கொண்டாள். புது ஸ்டிக்கர் ஒட்டுவாரோ என்று ஒரு நப்பாசை இருந்தது. அவர் ஒட்டவில்லை. "வாரன்டி போனது போனதுதாம்மா," என்றார், வாசல்வரை வந்து. ஆனால் மேடம் என்று சொல்லவில்லை.

அன்று மதியம் முழுக்கப் பிரபா பனியில் இருந்தாள். சாந்தகுமாரி அக்காவின் தையல் மெஷின் கீழே தடதடக்க, மேலே அந்த அக்காவும் தங்கையும் மெல்லத் தமிழ் பேச ஆரம்பித்தார்கள்.

திங்கட்கிழமை சேஷகிரி பக்கங்களை வாங்கிப் படித்தார். முதல் பக்கத்தை வேகமாக, இரண்டாவதை மெதுவாக. பிறகு முதலாவதுக்கே திரும்பினார். பென்சிலை எடுத்தார், எங்கும் வைக்காமல் மேஜையிலேயே போட்டார்.

"டிஸ்க்கை யார்கிட்டயும் காட்டலையே?"

"யாரும் பாக்கல சார்." அது உண்மைதான்.

"இது நீங்களே எழுதினதா?"

பிரபாவுக்குக் கேள்வி முதலில் புரியவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் குடுத்தார், பிரமாதமா இருந்தது. கேட்டா அவரோட சித்தப்பா எழுதினதாம். தமிழ் வாத்தியார்." பக்கங்களைத் தட்டி அடுக்கினார். "இங்கேயே ஒரு சீன் எழுதிக் காட்டிடுங்க. அடுத்த சீன். உங்க லேப்டாப்லயே எழுதுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிரபா டிஸ்க்கைப் போட்டாள். தங்கை ரொட்டிப் பலகையருகே நின்றாள். அக்கா ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள். வீட்டில் இருந்தால் கண்ணை மூடி எழுதியிருப்பாள். இங்கே சேஷகிரியின் மூச்சு தோளருகே கேட்டது, அவர் பார்வை அவள் விரல்களில் இருந்தது. ஒரு எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். வேறொன்றைத் தட்டினாள். விரல்கள் நடுங்கின, அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

அறையின் கோடியில் குரல் பதிவு செய்யும் இடத்துக்குக் கறுப்புத் திரை கட்டியிருந்தது.

"சார், பாத்துக்கிட்டிருந்தா எனக்குக் கை நடுங்குது. நீங்க கொஞ்ச நேரம் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கீங்களா?"

சேஷகிரி அவளைப் பார்த்தார். பேக்கரி வாசலில் பஃப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, பூப்போட்ட திரையைப் பார்த்து அவள் நின்றாளே, அதே பார்வை அது. பிரபாவுக்கு அது நன்றாகத் தெரிந்த பார்வை. அவர் எழுந்து போனார். திரை அசைந்து நின்றது.

பிரபா காட்சியை முதலிலிருந்து மறுபடி ஓட்டினாள். அப்புறம் அவளையறியாமல் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். 'ரொட்டி காஞ்சு போச்சு. பரவால்ல, வெட்டு' என்று அக்கா சொன்னாள். தங்கை வெட்டினாள்.

"ஆச்சா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"இன்னும் கொஞ்சம் சார்."

வெளியே வந்து, நின்றபடியே படித்தார். ரொட்டி இருந்த வரிக்கு வந்ததும் அவர் உதடு அசைந்தது, சொல்லிப் பார்க்கிறார். மேஜை இழுப்பறையைத் திறந்து இன்னொரு டிவிடியை எடுத்தார். "மிச்சப் படத்தையும் முடிச்சிட்டு இதையும் பாருங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து வாங்க. டிஸ்க்கை மட்டும் வெளி ஆள்..."

"குடுக்க மாட்டேன் சார்."

பழைய டிஸ்க்கை எடுக்க அவள் பொத்தானை அழுத்தினாள். பிளாஸ்டிக் முகமில்லாமல், உள்தகரம் தெரிய, தட்டு நீட்டிக்கொண்டு வெளியே வந்தது. சேஷகிரியின் புருவம் உயர்ந்தது. குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

"என்ன இது, முன்னாடி இருந்ததை யாரோ கழட்டி எடுத்திருக்காங்களே. எந்தக் கடையில குடுத்தீங்க?"

"கடையில இல்ல சார்," என்றாள் பிரபா. "நான்தான் எடுத்தேன்."